பாப்பா பால் குடிக்கிறாள்

அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று ஒரு நாளைக்கு 20 மனுவாவது என் கையால் எழுதிக் கொடுப்பேன். ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். இந்த நன்றி மடலுக்கு மட்டும் ஏழு மாதமாக முதல் வரி வரவில்லை. யாருக்கு என்று தொடங்குவது? பாதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் அதில் தங்களைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

கடந்த ஐப்பசி அடைமழையில் எங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சிசேரியன். எடை 2 கிலோ 350 கிராம். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் சீனித்தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. என் அம்மாதான் வைத்தார். வைத்த மாத்திரத்தில் பாப்பாவுக்குப் புரையேறியது. உதடு நீலமாகிவிட்டது. தூக்கி முதுகைத் தட்டியதும் அழுதாள், நிறம் திரும்பியது. அப்புறம் பார்த்தால் வாயோரம் நுரை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ‘பனிக்குடத் தண்ணி குடிச்சிருக்கும், சரியாயிரும்’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

அன்று ராத்திரி டூட்டிக்கு வந்த நர்ஸ் தங்கச்சிக்குத்தான் முதல் நன்றி. 25 வயது இருந்தாலே அதிகம். நுரையைப் பார்த்ததும் ‘பால் குடுக்காதீங்க’ என்று சொல்லிப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். மெல்லிய டியூப் ஒன்றை வாய் வழியாக விட்டுப் பார்த்தார். 10 சென்டிமீட்டர் போனதும் நின்றுவிட்டது. எடுத்து, திரும்ப விட்டார். அதே இடம். உடனே டாக்டருக்கு போன் போட்டார். எக்ஸ்ரேயில் அந்த டியூப் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்கு மேலேயே கொசுவத்திச் சுருள் மாதிரி சுருண்டு கிடந்தது.

உணவுக்குழாய் பாதியில் மூடியிருக்கிறது என்றார்கள். மேல் பாதி ஒரு பை போல முடிந்துவிட்டது. கீழ்ப் பாதி வயிற்றிலிருந்து கிளம்பி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எச்சிலைக்கூட விழுங்க வழியில்லை, அதுதான் நுரை. 3,000, 4,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி வருமாம். எட்டாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். பனிக்குட நீர் சற்று அதிகம் என்று ஒரு வரி இருந்தது. வயிற்றுப் பிள்ளை அந்த நீரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இவளால் விழுங்க முடியாததால் நீர் கூடியிருக்கிறது. அந்தத் தாளை என் கடையில் நானேதான் இரண்டு காப்பி எடுத்திருந்தேன்.

மதுரைக்கு 108-ல் போனோம், பச்சைக் குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டி. டெக்னீஷியன் தம்பி 50 கிலோமீட்டரும் உட்காரவே இல்லை. பிள்ளையின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சிலை உறிஞ்சி எடுத்தபடி வந்தார். எடுக்காவிட்டால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், தலை தாழ்ந்தால் வயிற்று அமிலம் கீழே இருந்து ஏறும் என்று விளக்கமும் சொன்னார். காரியாபட்டி தாண்டும்போது மழையில் ரோடே தெரியவில்லை. டிரைவர் அண்ணன் அந்த வேகத்திலும் ஒரு ஸ்பீடு பிரேக்கரில்கூட எங்களைக் குலுக்கவில்லை. இரண்டு பேரிடமும் ஒரு டீ சாப்பிடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு அன்று புத்தி வரவில்லை.

மதுரை பெரியாஸ்பத்திரி. கோரிப்பாளையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது அரசு ராஜாஜி மருத்துவமனை. வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிலிருந்து பில்டிங் பில்டிங்காகக் கூட்டிக்கொண்டு ஓடிய செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் அம்மா.

என் அம்மா அதுவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் அத்தை ஒருவருக்கு அந்தக் காலத்தில் முதல் பிள்ளை மூன்றாம் நாள் நுரை தள்ளி இறந்ததாம். சேனை வைத்தவளின் கைராசிதான் என்று ஊரே சொல்லி, அந்தப் பெண்ணைச் சாகும்வரை எந்த வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடவில்லையாம். சின்ன வயதில் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதே அம்மாதான். இப்போது அந்த இடத்தில் தன்னையே உட்கார வைத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது டாக்டர் என் அம்மாவைப் பார்த்துவிட்டு, ‘பாட்டிக்கு என்ன?’ என்று கேட்டார். சொன்னேன். ஒரு துண்டுத் தாளை எடுத்து இரண்டு குழாய் வரைந்தார். ‘இது மூச்சுக் குழாய், இது சாப்பாட்டுக் குழாய். உங்க மருமகளுக்கு நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள இது ரெண்டும் பிரிஞ்சிருக்கணும், சரியா பிரியல. அப்ப நீங்க சேனையும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. ஒரு சொட்டு சீனித்தண்ணியால குழாய் மூடாது.’ கொஞ்சம் நிறுத்தி, ‘ஆனா அடுத்த பிள்ளைக்கும் சேனை வச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன். தாய்ப்பால் மட்டும்தான்’ என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் வைக்கவில்லை.

டாக்டர் அம்மா, ஆபரேஷனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியும், அது எல்லோரும் சொல்வது. அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இருதயத்துக்கு எக்கோ, கிட்னிக்கு ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். இந்தக் குறையோடு வேறு குறைகளும் சேர்ந்து வருவதுண்டாம். எங்கள் அதிர்ஷ்டம், இல்லை. மூன்றாம் நாள் காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வலது பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே திறந்து, மூச்சுக்குழாயிலிருந்து கீழ்க்குழாயைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மேலும் கீழும் இழுத்துத் தைக்க வேண்டும். நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. நூல் தலைமுடி கனம். நான்கு மணி நேரம். மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, முகமூடியை இறக்கி, ‘முடிஞ்சுது, டீ குடிங்க’ என்றார். அவ்வளவுதான் பேசினார். அப்புறம் தெரிந்துகொண்டேன், இப்படி ஒரே ஆபரேஷனில் குழாயை இணைத்து முதன்முதலில் ஒரு பிள்ளையைப் பிழைக்க வைத்தது 1941-ல், அமெரிக்காவில் கேமரன் ஹைட் என்ற டாக்டராம். அம்மாவின் அத்தை கதை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

ரத்தத்துக்கு ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டேன். தறிக்காரர்கள் நான்கு பேரும் கேபிள் டிவித் தம்பியும் மழையில் முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். ஆளுக்கு 350 மில்லி கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். தையல் இழுபடக் கூடாது என்று பாப்பாவின் தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி கழுத்தை மடக்கி, துணி சுருட்டி அண்டைகொடுத்திருந்தார்கள். தொட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் ‘கழுத்தை நிமிர்த்தாதே’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் போகிற சிஸ்டர் அந்தப் பிளாஸ்திரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போவார். கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பதற்கென்றே நான் அந்த நேரத்துக்குப் போய் நிற்பேன். வென்டிலேட்டர் எடுத்தபின் ஒரு தடவை மூச்சு தடுமாறியது. இரண்டு நாள் மூக்கில் காற்றழுத்தக் கருவி வைத்து மீட்டார்கள்.

மனைவி தையல் ஆறாமலேயே ஆறாம் நாள் மதுரைக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் மூக்கு வழியாகப் போட்ட குழாயில் பால் தொடங்கியிருந்தது, ஒரு வேளைக்கு 3 மில்லி. அந்தப் பால் தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்தது. யாரோ பெற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைக்குப் போக மிச்சத்தைப் பீய்ச்சிக் கொடுத்தது, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்து, தேவைக்கு எடுக்கிறார்கள். அந்த அக்காமார்களே, தங்கச்சிமார்களே, உங்களில் யார் பால் என்று எங்களுக்குத் தெரியாது. பாப்பாவுக்கு ஊரெல்லாம் தாய்மார் என்று வைத்துக்கொள்கிறோம். மனைவிக்குப் பால் ஊறியபின், தன் பிள்ளைக்குப் போக அவளும் கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாள் மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே பார்த்தார்கள். தைத்த இடத்தில் கசிகிறதா என்று பார்க்கிற பரிசோதனை. மேற்படிப்புப் படிக்கிற டாக்டர் தம்பி ஒருவர் என்னையும் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து இறங்கி, தையல் இடத்தில் கொஞ்சம் மெலிந்து, நேராக வயிற்றில் போய் விழுந்தது. கசிவு இல்லை.

மறுநாள் பாலாடைச் சங்கில் பால். தாயைத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் மூத்த சிஸ்டர், ‘வீட்டுக்குப் போனா அப்பத்தாதானே ஊட்டப் போறாங்க, அவங்களும் பழகட்டும்’ என்று அம்மாவைக் கூப்பிட்டு, கை கழுவ வைத்து, கவுன் மாட்டிவிட்டார். பிள்ளையை நிமிர்த்தி மனைவி பிடித்துக்கொள்ள, பாலாடையை அம்மா கையில் கொடுத்தார். அம்மாவின் கை நடுங்கியதில் முதல் பால் துணியில் கொட்டியது. ‘பரவாயில்ல, இன்னொரு தடவை’ என்றார் சிஸ்டர். இரண்டாவது தடவை பாப்பா உதட்டைக் கூட்டினாள். தொண்டையில் சின்னதாக ஓர் அசைவு. புரையேறவில்லை. அம்மாவின் கதை அந்த சிஸ்டர் காதுக்குப் போயிருந்ததா, இல்லை யதார்த்தமாகக் கூப்பிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கையிலிருந்து பெரிதாகச் செலவில்லை, அரசு ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஊர் பூராவுக்கும் வருமானச் சான்று மனு எழுதிக் கொடுத்தவன், என் வீட்டுக்கு எடுத்து வைக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. காப்பீட்டு கவுண்டரில் இருந்தவர் திட்டிக்கொண்டே எல்லாத் தாளையும் சரிசெய்து கொடுத்தார். அந்தத் திட்டுக்கும் நன்றி. கடையை 24 நாளும் எதிர்க்கடைத் தையல்கார அண்ணன் திறந்து பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது ஒரு நோட்டில் ‘ஜெராக்ஸ் 2 ரூ., ஜெராக்ஸ் 2 ரூ.’ என்று பக்கம் பக்கமாகக் கணக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் தழும்பு இறுகிப் பால் இறங்காமல் இரண்டு தடவை போய்க் குழாயை விரித்துவிட்டு வந்தோம். இதற்கு அது சகஜமாம். இரண்டாவது தடவை சித்திரைத் திருவிழா வாரம். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் கோரிப்பாளையம் பக்கம் பஸ் போகவில்லை. முன்பின் தெரியாத ஒரு கான்ஸ்டபிள் பாப்பாவைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கி ஆஸ்பத்திரி வாசல் வரை நடத்திக் கூட்டிப்போனார். இருமினால் இன்னும் நாய் குரைக்கிற மாதிரிதான் சத்தம் வரும். மூச்சுக்குழாய் திடப்படத் திடப்படக் குறையும் என்கிறார்கள். ராத்திரியில் அதைப் பொறுத்துக்கொள்கிற பக்கத்து வீடுகளுக்கும் நன்றி. அது ஒட்டுவாரொட்டி இல்லை, பிள்ளைகளைத் தாராளமாக விளையாட அனுப்புங்கள். எடை இப்போது 6 கிலோ 100. போன வாரம் குழைந்த பருப்புச் சோறு தொடங்கினோம். அம்மாதான் ஊட்டுகிறார். ஒவ்வொரு வாய்க்கும் பாப்பாவின் தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

கடைசியாக ஒருவர். வராண்டாவில் எங்கள் பாய்க்குப் பக்கத்துப் பாய் மேலூர்க்காரர். குறைமாதப் பிள்ளை, 800 கிராம். ராத்திரி மருந்து வாங்க நான் ஓடினால் அவர் என் இடத்தில் உட்கார்ந்து, வார்டிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்வார். அவர் போனால் நான். எங்களுக்குப் பாலாடையில் பால் தொடங்கிய மறுநாள் அவர் பிள்ளை தவறிவிட்டது. துணிமூட்டையைக் கட்டியவர், சிவப்பு ஃபிளாஸ்க் ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்து, ‘உங்களுக்கு வெந்நி வேணும்ல’ என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அண்ணே, ஃபிளாஸ்க் பத்திரமாக இருக்கிறது. மூடி மட்டும் லேசாக விரிசல். அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தால் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மனு எழுதுகிற ஜெராக்ஸ் கடை எது என்று கேளுங்கள்.