செங்கல் சுவருக்குச் சட்டை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் எழும்பிய பைசாந்திய பாணி (அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் பாணி) பங்கு ஆலயங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். குவிமாடம், மொசைக், தங்க முலாம் எல்லாம் விலாவாரியாக இருந்தன. செங்கல்லுக்கு அரை வரிதான். தில்லியில் கட்டட வேலைகளுக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பைசாந்தியக் கட்டடம் நிற்பதே செங்கல்லிலும் கலவையிலும்தான். இஸ்தான்புல்லில் பேராலயமாகக் கட்டிய ஹேகியா சோபியாவில் இரண்டு வரி செங்கல்லுக்கு நடுவில் உள்ள கலவை, பல இடங்களில் செங்கல்லைவிடத் தடிமன். அது சுண்ணாம்போடு செங்கல்லை இடித்துக் கலந்த கலவை. நம் ஊரில் சுர்க்கி என்பார்கள், முல்லைப் பெரியாறு அணையில் போட்டது அந்த வகைதான். ஹேகியா சோபியாவை 532-ல் தொடங்கி 537-ல் முடித்துவிட்டார்கள். அவ்வளவு அவசரம்! சுண்ணாம்பு இறுக நேரம் கொடுக்கவில்லை, பாரம் தாங்காமல் சுவர் வெளியே சாய்ந்தது, அப்புறம் நிலநடுக்கங்கள் வேறு. 558-ல் குவிமாடம் இடிந்தது. சீக்கிரம் முடி என்று கான்ட்ராக்டரை விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தீட்ரல் 1903-ல் திறந்தது, பைசாந்திய பாணிதான். உள்ளே மேல்பகுதி முழுக்க மொசைக் ஒட்டத் திட்டம். இன்றுவரை முடியவில்லை. கறுத்துப்போன வெறும் செங்கல்லாக நிற்கிறது. படத்தில் பார்த்தாலே கீழே உள்ள பளிங்கைவிட அதுதான் எனக்குப் பிடிக்கிறது.

சரி, அவ்வளவு தூரம் போவானேன். தில்லி கன்டோன்மென்ட்டில் செயின்ட் மார்ட்டின் ஆலயம் இருக்கிறது. 1928-30 வாக்கில் பட்டாளத்துக்காக ஆர்தர் ஷூஸ்மித் கட்டியது. இதற்குக் குவிமாடம் கிடையாது, பைசாந்தியம் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் கனத்த செங்கல் சுவரை மட்டும் நம்பி எழுந்ததில் அந்தப் பழைய கொத்தனார்களுக்குச் சொந்தக்காரன். புது தில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸின் கீழ் வேலை பார்த்தவர் ஷூஸ்மித். ரோமர்கள் செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது, செங்கல்லும் அளவும் போதும் என்று லட்யன்ஸ் அவருக்குக் கடிதமே எழுதினார். மொத்தம் 35 லட்சம் செங்கல். நாங்கள் போடும் கணக்கில் ஒரு சின்ன வீட்டுக்கு 20,000 என்றால், 175 வீட்டுச் செங்கல் அந்த ஒரே கட்டடத்தில்.

கோபுரம் சுமார் 128 அடி. ஜன்னல்கள் கொஞ்சம்தான், அவையும் சிறியவை, சுவருக்குள் ஆழமாகப் பதிந்தவை. மே மாத மத்தியானத்தில் கிட்டே போய்ப் பாருங்கள், ஜன்னல் பள்ளத்தில் விழும் நிழல்தான் அந்தச் சுவருக்குள்ள ஒரே அலங்காரம். பூ வேலை, சிற்பம் எதையும் காணோம். லூ என்கிற கோடை அனல் காற்று அடிக்கிற ஊரில் தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது ஏ.சி. இல்லாத வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் தமிழ்ச் சபையின் ஆலயமும் பூசாத செங்கல் கட்டடம்தான், சின்னது. அதன் முகப்புக்கு டைல்ஸ் ஒட்டி மற்ற சுவர்களுக்கு சிமென்ட் பூசிப் பெயின்ட் அடிக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. "அண்ணாச்சி, ஊர்ல கோயில் எல்லாம் எப்படிப் பளபளன்னு இருக்கு, நம்மது மட்டும் பாதியில நின்ன மாதிரி இருக்கே" என்கிறார் ஒரு தம்பி. பின்பக்கச் சுவருக்கு முன்பே ஒரு கமிட்டி சிமென்ட் பூசியது. இப்போது விரல் முட்டியால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். ஓரத்தில் பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல் வெள்ளையாக உப்புப் பூத்து, நகம் பட்டாலே மாவாக உதிர்கிறது. உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லை, வேறென்ன ஆகும்? பூசாத மூன்று சுவர்களில் மழை பெய்து இரண்டு நாளில் ஈரம் காய்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மூட்டுகளில் செத்துப்போன கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் அந்த மூட்டுகளை நிரப்பி (பாயிண்டிங்), மேலே மழைநீர்க் குழாயைச் சரிபார்த்தால் போதும். டைல்ஸ் செலவில் பாதிகூட ஆகாது.

அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது. இந்தக் கடிதத்தை அதற்குள் வெளியிட்டால் நகல் எடுத்துப் போவேன். நான் வாயால் சொன்னால் கிழவனின் பிடிவாதம் என்கிறார்கள், பேப்பரில் வந்தால் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

இப்படிக்கு,
நாசரேத்திலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு வாசகர்,
துவாரகா, புது தில்லி