வேன் ஏற்றிவிட்ட சைக்கிளும் நீ வாங்கப்போகும் சைக்கிளும்

அன்புள்ள முகிலா,

நீ அனுப்பிய மவுண்டன் பைக் வீடியோக்களைப் பார்த்தோம். டேபிள்டாப் என்ற அந்தத் தட்டை மேட்டில் நீ தரையை விட்டு எழும்பும் இடம் வரும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. இறங்கும்போது உன் முழங்கையும் முழங்காலும் நன்றாக மடிந்திருக்கின்றன, பார்வை அடுத்த வளைவில் இருக்கிறது. யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்.

வாடகைக்கு எடுத்த, சஸ்பென்ஷன் 170 மி.மீ. அமுங்கும் அந்த எண்டியூரோ சைக்கிளையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அன்றைக்கு உன்னை மேலே கொண்டுபோனது வேன். சைக்கிள் டிரெய்லரில் நின்றது, நீ சீட்டில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு போனாய். அந்தச் சைக்கிளுக்கு இருந்த ஒரே வேலை இறங்குவது. அதற்காகவே செய்யப்பட்டது அது. ஹெட் ஆங்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம், 64 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் முன்சக்கரம் உனக்கு வெகுதூரம் முன்னால் நிற்கிறது, செங்குத்தான சரிவிலும் தலைகுப்புறப் போய்விடுவோம் என்ற பயம் வருவதில்லை. டயர் தடிமனானது, பிரேக் டிஸ்க் பெரியது, கல்லில் மோதினாலும் சஸ்பென்ஷன் விழுங்கிவிடுகிறது. இதெல்லாம் உண்மையிலேயே நல்ல விஷயங்கள்தான். ஆனால் இப்படி வேன் மேலே ஏற்றிவிடும் அப்லிஃப்ட் நாள் உனக்கு எப்போதாவது ஒன்று. மற்ற வாரங்களில் நீ வீட்டு வாசலிலிருந்து பெடல் செய்து, காட்டுப் பாதையில் ஏறி இறங்கி, தோழிகளோடு இரண்டு மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறவள். அங்கே வேன் கிடையாது.

ஏறும்போது கனத்தால் மூச்சு வாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கனத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், கால் பழகிவிடும். எனக்குப் பிடிக்காதது வேறொன்று. சாதாரணமான பாதையில் நீண்ட டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) உள்ள சைக்கிள் தூங்கிவிடும். மேடுபள்ளத்தையெல்லாம் அது தானே தின்றுவிட்டு, உனக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. அதை எழுப்பவேண்டுமென்றால் பயமுறுத்தும் வேகத்தில் போகவேண்டும். 130, 140 மி.மீ. டிராவல் உள்ள டிரெயில் சைக்கிளில் அதே பாதை உயிரோடு இருக்கும். சின்ன வேரில் தட்டி எழும்பலாம், மேட்டை அழுத்தி வேகம் எடுக்கலாம், தப்பான லைனில் போனால் அதற்கான தண்டனையும் உடனே கிடைக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தத் தண்டனை அவசியம்.

ஆகையால், வாங்குவது டிரெயில் சைக்கிளாக இருக்கட்டும். பின்னால் 130 அல்லது 140, முன்னால் அதைவிடப் பத்து கூட. அப்லிஃப்ட் நாளுக்குப் போகும்போது பெரிய சைக்கிளை வாடகைக்கே எடு. வாடகை வீண் செலவு என்று உனக்குத் தோன்றும். அந்த நாட்கள் ஒரு சைக்கிளை எப்படித் தேய்க்கும் என்று யோசித்துப் பார். வரிசை குறைவாக இருந்தால் ஒரே நாளில் பத்து முறைகூட இறங்கிவிடலாம். பெடல் செய்து ஏறினால் பல வாரங்களில் போகும் இறக்கம் ஒரே நாளில் போய்விடும். பிரேக் பேட், டயர், ரிம், பேரிங் எல்லாம் அந்த வேகத்தில்தான் தேயும். அது வாடகை சைக்கிளில் தேய்வதில் உனக்கென்ன நஷ்டம்?

வேனில் ஏறிப் போவது ஏமாற்று வேலை என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். அவளிடம் ரீபேக் கதையைச் சொல். இந்த விளையாட்டே அங்கிருந்துதான் கிளம்பியது. கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடம். 1976 அக்டோபரில் அங்கே ஒரு மலைச் சாலையில் சில இளைஞர்கள் இறங்குவதில் போட்டி வைத்துக்கொண்டார்கள். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஓட்டியது பழைய ஷ்வின் சைக்கிள்கள். பின்சக்கரத்தில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். சாலைக்கு ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்ற பெயர் வந்ததே அதனால்தான். மேலே எப்படிப் போனார்கள் தெரியுமா? பெரும்பாலும் பிக்கப் வண்டியில் சைக்கிள்களை அடுக்கி ஏற்றிக்கொண்டுதான். மவுண்டன் பைக் என்று கடையில் ஒரு பொருள் வருவதற்கு முன்பே அப்லிஃப்ட் வந்துவிட்டது! ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தது அடுத்த வருடம், 1977இல். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் உலகக்கோப்பைக்கு வந்த வீரர்களும் கோண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில்தான் மேலே போனார்கள். அவர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வாளா அவள்?

ஆனால் அப்லிஃப்ட் நாளில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மூச்சு வாங்காததால் உடம்பு களைத்ததே தெரியாது. கால் தெம்பாக இருக்கும், முன்கை மட்டும் மெதுவாகக் கல்லாகிவிடும். ஆர்ம் பம்ப் என்று சொல்வார்களே, அது. விரல் பிரேக்கை விடவும் மாட்டேன் என்னும், பிடிக்கவும் மாட்டேன் என்னும். நீயும் மாலையில் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பாதி காரணம் பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது, பாதி காரணம் பிரேக் லிவர் உன் கைக்குத் தூரமாக இருப்பது. வாடகை சைக்கிள் கையில் வந்ததும் முதல் வேலையாக லிவரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் எட்டினால் போதும், மற்ற விரல்கள் பிடியில் இருக்கட்டும். அப்புறம், பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்காதே. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, வளைவுக்குள் விட்டுவிடு. கையும் பிழைக்கும், டிஸ்க்கும் அதிகம் சூடாகாது.

“கடைசி ரவுண்டு” என்று யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு பழக்கம். மூடநம்பிக்கைதான், ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. டிக்கெட் காசு வீணாகக்கூடாது என்று களைத்த கையோடு மேலே போகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். வேன் இன்னும் இரண்டு முறை போகும் என்றாலும், கை சொன்னால் நிறுத்திக்கொள்.

இன்னொன்று, வேறு நாட்டுக்கு ஓட்டப் போனால் பலகையின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும். வட அமெரிக்காவில் பெரும்பாலும் சிவப்பு கிடையாது. பச்சை வட்டம், நீலச் சதுரம், அதற்கப்புறம் நேராகக் கறுப்பு வைரம், அதற்கும் மேலே இரட்டை வைரம். அதனால் ஓர் ஊர் நீலமும் இன்னோர் ஊர் நீலமும் ஒன்றல்ல. எந்தப் பார்க்காக இருந்தாலும் முதல் இறக்கத்தை நீ சுலபம் என்று நினைக்கும் பாதையிலேயே ஓட்டு. தாவும் இடமெல்லாம் முதலில் உருண்டு பார்த்துவிட்டு அப்புறம் தாவு.

சைக்கிளுக்கு வருகிறேன். நீ அனுப்பிய பட்டியலில் பாதி கார்பன் ஃபிரேம். அலுமினியம் போதும் என்பேன். ஒரே விலையில் கார்பன் ஃபிரேமில் மட்டமான ஃபோர்க்கும், அலுமினிய ஃபிரேமில் நல்ல ஃபோர்க்கும் கிடைக்கும். சவாரியை மாற்றுவது ஃபோர்க், பிரேக், டயர் மூன்றும்தான். நாலு பிஸ்டன் பிரேக், முன்னால் 200 மி.மீ. டிஸ்க், இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. கியர் மட்டமாக இருந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். பிரேக்குக்கு என்ன எண்ணெய் என்றும் தெரிந்து வைத்துக்கொள். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராமில் பெரும்பாலான மாடல்களுக்கு டாட் என்ற பிரேக் திரவம், மேவன் போன்ற சில புதிய மாடல்களுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

சக்கரம் 29 அங்குலமா, முன்னால் 29 பின்னால் 27.5 வைத்த மல்லெட்டா என்பது பெரிய சண்டை. உன் உயரத்துக்கு மல்லெட்டை ஓட்டிப் பார்ப்பது நல்லது, செங்குத்தான இடத்தில் பின்னால் நகரும்போது டயர் இடுப்பில் உரசாது. பிடிக்காவிட்டால் 29. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பேட்டரி சைக்கிளைப் பற்றி அப்பாவிடம் கேட்காதே, ஒரு மணி நேரம் பேசுவார்.

அளவு விஷயத்தில் எம், எல் என்ற எழுத்தை நம்பாதே. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றில் எஸ். ரீச், அதாவது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் நிற்கும் குழாய் வரை படுக்கைவாட்டில் உள்ள தூரம், எத்தனை மி.மீ. என்று பார். வாடகை சைக்கிள் உனக்குச் சௌகரியமாக இருந்தது என்றாயே, அதன் ரீச்சைக் குறித்துக்கொண்டு அதோடு ஒப்பிடு.

எங்கே வாங்குவது? இணையத்தில் நேரடியாக விற்பவர்களிடம் அதே விலைக்கு நல்ல பாகங்கள் கிடைப்பது உண்மை. நான் முன்னால் வைத்திருந்த சைக்கிள் அப்படி வந்ததுதான். பெட்டியைத் திறந்தபோதே, பின் கியரைத் தாங்கும் டெரெய்லர் ஹேங்கர் வளைந்திருந்தது. போட்டோ அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். வேறு கோணத்தில் அனுப்பு என்றார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டுக்காக வாரக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன், கடைசியில் நானே காசு கொடுத்து வாங்கிப் போட்டேன். சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வழி சரி. உனக்கு இப்போதைக்கு, பக்கத்தில் ஒரு நல்ல மெக்கானிக் இருக்கும் கடையே மேல். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கவிடுவார்களா, முதல் சர்வீஸ் இலவசமா, சீட் உயரமும் சேகும் அவர்களே சரிபார்த்துத் தருவார்களா என்று கேள். சேக் என்பது, நீ அதில் ஏறி நிற்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. பின்பக்கம் கால் பங்குக்குச் சற்று மேல் அமுங்கவேண்டும், முப்பது சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதைக் கேட்டால் முழிக்கும் கடையில் வாங்காதே.

பழைய சைக்கிள் நல்ல லாபம். 2020, 21இல் எல்லோரும் சைக்கிள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் கடைகள் அளவுக்கு மீறி வாங்கிக் குவித்தன, விலை சரிந்தது. அந்தக் காலத்தில் வாங்கி மூலையில் நிறுத்தியவர்கள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், பெயின்டைப் பார்க்காதே. சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி விடு, டக் டக் என்று ஓர் ஆட்டம் கையில் தெரிந்தால் பின் சஸ்பென்ஷனில் இருக்கும் ஷாக்கின் புஷ் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசை, ஆடினால் ஃபிரேம் மூட்டில் இருக்கும் பிவட் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் நகத்தை ஓட்டு, நகம் மாட்டினால் திரும்பி வந்துவிடு. ஒரு முறை “ரெண்டு தடவைதான் ஓட்டினது” என்று ஒருவர் சத்தியம் செய்தார். ஃபோர்க்கில் நகம் மாட்டியது, ஃபிரேமின் அடியில் கல் பட்ட குழி. டீ கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி சர்வீஸ் எப்போது செய்தீர்கள் என்று விற்பவரிடம் கேள். ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் நிறுவனம் சொல்வது 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. வாரம் நாலு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்தில் வந்துவிடும். “அதெல்லாம் தேவையே இல்லை” என்றால், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல். பின்சக்கர ஹப் 148 மி.மீ. பூஸ்ட் அளவா என்று பார், பழைய அளவாக இருந்தால் நாளைக்கு வேறு சக்கரம் தேடுவது கஷ்டம். ஃபிரேம் வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்குத்தான் செல்லும் என்பதையும் மனதில் வை.

காசு மிச்சமானால் முதலில் சொந்தமாக முழுமுக ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கு. யார் தலையில் இருந்தது, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாத வாடகை ஹெல்மெட் வேண்டாம்.

பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் அந்த அலுமினிய டிரெயில் சைக்கிள் எனக்குப் பிடித்திருக்கிறது, அதன் ஜியாமெட்ரி பக்கத்தை அனுப்பிவை. பழையது ஏதாவது பார்க்கப் போனால் ஃபிரேமின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் ஃபோர்க் குழாயையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா