லின்னேயஸுக்கு முன்னால் ஒருவர் இருந்தார், வசந்தி

அன்புள்ள வசந்தி,

நலம். அம்மாவின் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பதில் போடத் தாமதமானதற்கு விதை விற்பனைக் காலம் என்பதைத் தவிர வேறு சாக்கு கிடையாது. திட்டுவதாக இருந்தால் நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய பாடக்குறிப்பைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்று கண்டறிந்தவர் லின்னேயஸ்." இதை நீயா எழுதினாய்? நம்ம கல்லூரி ஸ்லைடு சார் பார்த்திருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும், அதுவும் முழு சாக்பீஸ். சுவீடன்காரர் லின்னேயஸ் 1735-ல் செய்தது, பூவின் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. அந்தத் தாள்தான் ஆண் உறுப்பு என்பதைப் பூவைக் கிள்ளிப் பார்த்து நிரூபித்தவர் வேறொருவர். 1694-லேயே எழுதி அச்சிட்டுவிட்டார். ருடோல்ஃப் யாகோப் காமெராரியஸ். அந்த வரியை அடித்துவிட்டு இவர் பெயரைப் போடு.

ஜெர்மனியில் ட்யூபிங்கன்காரர். 1665-ல் அங்கே பிறந்து 1721-ல் அங்கேயே செத்துப்போனார். அப்பா அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். மகன் ஹாலந்து, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று இரண்டு வருஷம் சுற்றிவிட்டு வந்து, 1688-ல், 23 வயதில், பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். 1695-ல் அப்பாவின் நாற்காலியும் இவருக்கே வந்தது. வாழ்க்கை வரலாறு என்று சொல்ல இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. விஷயமெல்லாம் தோட்டத்தில்தான்.

அந்தக் காலத்துப் பெரிய தாவர அறிஞர்கள் மகரந்தத்தை என்னவென்று நினைத்தார்கள் தெரியுமா? கழிவு! மால்பீகி மாதிரி ஆளே, செடி தன் சாற்றில் வேண்டாததை வெளியே தள்ளும் வழி அது என்றுதான் நம்பினார். பாரிஸில் தூர்ன்ஃபோரும் அதே கட்சி. லண்டனில் கிரூ மட்டும் 1682-ல், அந்தத் தூள் ஆணின் வேலையைச் செய்வதாக எழுதினார். ஜான் ரேயும் தலையாட்டினார். ஆனால் கிரூ எழுதியதில் யூகம் இருந்தது, சோதனை இல்லை.

காமெராரியஸுக்குப் பொறி தட்டியது ஒரு முசுக்கட்டை மரத்தில். பெண் மரம், பக்கத்தில் ஆண் மரம் கிடையாது, ஆனாலும் பழுத்துக் கிடந்தது. மற்றவர்களாக இருந்தால் "ஆண் இல்லாமலே காய்க்கிறது பார்" என்று போயிருப்பார்கள். இவர் பழத்தைப் பிரித்து விதையைப் பார்த்தார். எல்லாம் வெறும் கூடு. சேவல் சேராத கோழி இடும் கூமுட்டை போல என்று 1691-ல் எழுதினார். உன் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல். காய் பிடிப்பது வேறு, விதை பிடிப்பது வேறு. காயை எண்ணி நோட்டில் எழுதினால் சோதனை பாழ். ஒவ்வொன்றையும் வெட்டி உள்ளே பார்க்க வேண்டும்.

அடுத்தது மெர்குரியாலிஸ். நம்ம குப்பைமேனியின் சொந்தக்காரக் களை, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டு பெண் செடிகளைத் தொட்டியில் எடுத்து, மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்தார். செடிகள் நன்றாகச் செழித்தன, காயும் ஏராளம். பாதி முற்றியதும் காய்கள் வாட ஆரம்பித்தன. உருப்படியான விதை ஒன்றுகூட இல்லை.

விலக்கி வைப்பது ஒரு வழி. ஒரே செடியில் இரண்டு பூவும் இருந்தால் ஆண் பூவை மட்டும் எடுத்துவிடுவது இன்னொரு வழி. அதற்கு ஆமணக்கைப் பிடித்தார். கெட்டிக்காரர்! ஆமணக்குக் குலையை நினைத்துப் பார். கீழ்ப்பாதியில் மஞ்சளாக ஆண் பூக்கள், மேல்பாதியில் சிவப்புக் குஞ்சம் நீட்டிய பெண் பூக்கள். கை வைக்க இதைவிட வசதியான செடி அவருக்குக் கிடைத்திருக்காது. ஆண் மொட்டுகளை மகரந்தப்பை விரியும் முன்பே கிள்ளினார், புதிதாக வந்தவற்றையும் விடவில்லை, பெண் பூக்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார். முழு விதை ஒன்றும் வரவில்லை. வெற்றுக் காய்கள் சுருங்கிக் கீழே விழுந்தன. மக்காச்சோளத்தில் நேர்மாறாகச் செய்தார். ஆண் பூவை விட்டுவிட்டு, கதிரில் தொங்கிய பட்டு முடியை, அதாவது பெண் பூவில் தூளைப் பிடிக்கும் உறுப்பை, வெட்டினார். இரண்டு கதிரிலும் ஒரு மணி இல்லை, வெறும் பொக்கு.

இத்தனையையும் கீசென் ஊரில் இருந்த நண்பர் வாலென்டினிக்குக் கடிதமாக எழுதினார். 1694 ஆகஸ்ட் 25 தேதியிட்ட கடிதம், சின்னப் புத்தகம் அளவுக்கு நீளம். (என் கடிதம் நீளம் என்று இனிமேல் நீ முனகக் கூடாது.) பின்னால் 26 கண்ணிகளில் லத்தீன் பாட்டு வேறு, செடிகளின் காதலைப் பற்றி. யாரோ மாணவன் எழுதியதாம். நம்ம ஹாஸ்டல் கவிஞர் கண்ணில் இது படாமல் போனதே என்று இருக்கிறது, இன்னொரு 26 எழுதியிருப்பாள்.

எனக்கு அந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் கஞ்சா. சிரிக்காதே, அங்கே அது நாருக்காக வயலில் போட்ட பயிர். அதிலும் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. வயலிலிருந்து தோட்டத்துக்குப் பெயர்த்து வந்த பெண் செடிகள் நல்ல விதையே கொடுத்தன. வயலிலேயே தூள் பட்டிருக்கும் என்று நினைத்து, விதை போட்டுத் தானே வளர்த்தார். ஆண் செடிகளைப் பூ விரியும் முன்பே வெட்டி எறிந்தார். அப்போதும் பொக்கு நிறைய இருந்தாலும் நடுவே முளைக்கக்கூடிய விதையும் கணிசமாக வந்துவிட்டது. தன் கொள்கைக்கே உலை வைக்கும் முடிவு! அதை மறைக்காமல் அதே கடிதத்தில் எழுதிவைத்தார்.

இன்றைக்குக் காரணம் சொல்வது சுலபம். கஞ்சா மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் காற்றில் போகும், சுற்றுவட்டாரத்தில் வயல் இருந்தால் சுவர் எழுப்பினாலும் தடுப்பது கஷ்டம். அதோடு, தூளே கிடைக்காத பெண் செடி கடைசிக் காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆண் பூ விடும். மெர்குரியாலிஸுக்கும் இந்தக் குணம் உண்டு. அவர் அதிர்ஷ்டம், அந்த இரண்டு தொட்டிச் செடிகளும் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் ஆரம்பத்திலேயே குழம்பியிருப்பார்.

இன்னொன்றும் கேட்டுவைத்தார். பெண் கஞ்சாவுக்கு, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியின் தூளைப் போட்டால்? ஆண் பூ நீக்கிய ஆமணக்குக்கு மக்காச்சோளத் தூளைப் போட்டால்? விதை வருமா, வந்தால் எப்படிப்பட்ட செடி முளைக்கும்? ஆமணக்கும் சோளமும் சேராது என்பது நமக்குத் தெரியும், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அங்கே பேராசிரியராக இருந்த க்மெலின் 1749-ல் அந்தக் கடிதத்தை ட்யூபிங்கனிலேயே மறுபடி அச்சிட்டார். அதே ஊரில் படித்த கோல்ராய்ட்டர் 1760-ல் ஒரு புகையிலை இனத்தின் தூளை இன்னொன்றின் பூவில் போட்டுக் கலப்புச் செடியை முளைக்க வைத்தார். நான் விற்கிற வீரிய ஒட்டு விதைக்கெல்லாம் பூர்வீகம் அந்தத் தெருதான்.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி, "ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆமணக்கில் இதைச் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்" என்று. வேண்டாம், வசந்தி. விளையாட்டாகச் சொல்லவில்லை. கொட்டைமுத்து பார்க்க எவ்வளவு அழகு, பளபளவென்று புள்ளி போட்டு! பிள்ளைகள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், தம்பி தங்கை வாயில் போடும். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் தப்பும். கடித்து மென்றால் ரிசின் என்ற விஷம் வெளியே வரும், ஒரு குழந்தைக்குச் சில விதை போதும். உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் ரத்தபேதியும். மாற்று மருந்து கிடையாது. விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை என்பதால் நமக்கு அந்தப் பயமே இல்லை. ஆனால் விஷம் எண்ணெயில் இறங்காது, புண்ணாக்கில்தான் தங்கும். காமெராரியஸின் ஆமணக்கைப் பலகையில் படம் போட்டுக் காட்டு. கை வைக்க மக்காச்சோளம் போதும், அதுவும் அவர் சோதனைதான்.

எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன், இதை மட்டும் தனியாகக் கிழித்து வைத்துக்கொள்.

ஒரே வரியாகப் போடாதே. நான்கு சிறு வரிகள், வரிக்கு ஆறு செடி, வரிக்கு வரி 60 செ.மீ., செடிக்குச் செடி 25. பள்ளிக்கு 200 மீட்டருக்குள் யாராவது மக்காச்சோளம் போட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரி. இருந்தால் அவர்களுக்குப் பூவெடுத்து முடிந்தபின் உனக்குப் பூக்கிற மாதிரி விதைப்பைத் தள்ளிப்போடு. விதைத்து ஏழெட்டு வாரத்தில் உச்சியில் ஆண் பூ விரியும், இரண்டு மூன்று நாளில் கதிரில் முடி எட்டிப்பார்க்கும்.

கதிர்களை நான்கு கூட்டமாகப் பிரி. முதல் கூட்டத்தைத் தொடாதே. இரண்டாவது, முடி வெளியே வருவதற்கு முன்பே பட்டர் பேப்பர் உறை மாட்டி அப்படியே விடுவது. மூன்றாவது, அதே போல உறை மாட்டி, ஆனால் கையால் தூள் போடுவது. நான்காவது, உறை இல்லாமல் காமெராரியஸ் மாதிரி முடி வெட்டுவது. மூன்றாவது கூட்டம் இல்லாவிட்டால் பள்ளிக் கண்காட்சிக்கு வருகிற யாராவது ஒருவர், உறைக்குள் வெந்துபோய்த்தான் மணி பிடிக்கவில்லை என்பார், உன்னிடம் பதில் இருக்காது. பாலிதீன் கவர் மாட்டினால் அவர் சொல்வதே உண்மையாகிவிடும், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

தூள் போட, முந்தின நாள் மாலை உறையைக் கழற்றி முடியின் நுனியை உமியுறை மட்டத்துக்கு வெட்டி, உடனே மறுபடி மூடு. மறுநாள் காலைக்குள் இரண்டு மூன்று செ.மீ. தூரிகை போலச் சமமாக வளர்ந்திருக்கும். அதே மாலை ஆண் பூங்கொத்துக்கும் ஒரு பேப்பர் பை கட்டிவை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், பனி உலர்ந்தபின், பையைச் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் தூள் விழும். அதை அப்படியே முடிமேல் கொட்டி மூடு. மதியத்துக்கு என்று எடுத்து வைக்காதே, சில மணி நேரத்தில் தூள் செத்துப்போகும்.

நான்காவது கூட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ஒரு தரம் வெட்டினால் போதும் என்று நினைப்பார்கள். தூள் படாத முடி தினமும் வளரும், பத்து நாளாவது காலையும் மாலையும் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் என்று இப்போதே முடிவு செய். ஒரு முடிக்கு ஒரு மணி. கதிரின் அடிப்பக்க முடி முதலில் வரும், நுனி முடி கடைசியில். தூள் பட்ட முடியில் மகரந்தக் குழாய் இறங்கி, மணியாகப் போகும் சூலைத் தொட ஒரு நாள் வரை ஆகும், ஆனால் அது வெட்டும் இடத்தைத் தாண்டும் முன் வெட்டினால்தான் தடை. ஆகவே அறுவடையில் கதிரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடியில் நாலு மணி இருந்தால் முதல் நாள் வெட்டத் தாமதம். நுனியில் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு நிறுத்திவிட்டீர்கள். நடுவில் ஒரு வளையமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் அதையும் அப்படியே நோட்டில் எழுதட்டும். நீ "நல்ல" கதிரை மட்டும் எடுத்துக் கண்காட்சியில் வைப்பாய் என்று எனக்குத் தெரியும், இறுதி ஆண்டு ரெக்கார்டு நோட்டை நான் மறக்கவில்லை.

ஆனி தொடக்கத்தில் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிவு தெரிந்துவிடும். ஆடிக் காற்றில் உறை பறக்கும், சணல் கயிற்றால் இரண்டு சுற்று கட்டு. கடையில் விதை வாங்காதே, சிவப்புச் சாயம் பூசியது மருந்தில் நேர்த்தி செய்தது, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மருந்து கலக்காத விதை அரைக் கிலோ நான் அனுப்புகிறேன், மீதியைச் சுண்டல் போட்டுக் கொடு. பட்டர் பேப்பர் உறையும் ஐம்பது வைக்கிறேன். காய்ந்த செடிகளை ஒட்டிவைக்கும் ஹெர்பேரியம் மாமியின் முகவரி உன்னிடம் இருந்தால் எழுது, அவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கலா