வசந்தாவுக்கு, நான்காவது புத்தகத்தைப் பற்றி

அன்புள்ள வசந்தா,

நலம் விசாரிப்பையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவிட்டு நேராகச் சண்டைக்கு வருகிறேன். 'தெஹானு'வை உர்சுலா லெ குவின் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, எப்படி மனம் வந்தது உனக்கு? எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகின் கதைகள் மூன்றோடு முடிந்திருந்தால் முழுமையாக இருந்திருக்கும், நான்காவதான இது வந்து நாயகன் கெட் என்பவனைக் கெடுத்துவிட்டது என்கிறாய். உன் கடிதத்தை எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். உன் பக்கம் பேசவும் ஆள் இருந்தது. அன்று மாலை முழுவதும் வேறு எதுவும் பேசவில்லை. அங்கே நான் சொன்னதையும், சொல்ல வராமல் போனதையும் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் உன் குற்றச்சாட்டு. டிராகன்களோடு பேசியவன், ரோக் தீவின் தலைமை மந்திரவாதி, உலகத்தின் விரிசலைத் தன் உயிரால் அடைத்தவன், கடைசியில் ஒளிந்து திரிந்து ஆடு மேய்க்கிறான். உனக்கு அது அவமானமாகப் படுகிறது. ஆனால் முதல் புத்தகத்தின் முதல் பக்கங்களைத் திறந்து பார். கோண்ட் தீவின் மலைக்கிராமத்தில் அவன் ஆட்டுக்காரப் பையன்தானே? அவன் கற்ற முதல் மந்திரமே ஆடுகளை அழைக்கும் சொல். அதைச் சொன்னவள் அவனுடைய சித்தியான கிராமத்துச் சூனியக்காரி. நாவலாசிரியர் அவனைத் தள்ளிவிட்டார் என்று நீ சொல்கிற இடம் அவன் புறப்பட்ட இடம்தான்.

அவனுடைய சக்தி போனதும் நான்காவது புத்தகத்தில் நடந்ததல்ல. மூன்றாவது புத்தகமான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' முடியும்போதே அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. காப் என்ற மந்திரவாதி சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே திறந்துவைத்த கதவை மூட எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறான். கலெஸ்ஸின் என்ற கிழட்டு டிராகன் அவனையும் இளவரசன் ஆரனையும் சுமந்து வந்து ஆரனை ரோக்கில் இறக்கிவிட்டு, அவனை மட்டும் கோண்டுக்குக் கொண்டுபோகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் இரண்டு முடிவுகளைச் சொல்லும், நினைவிருக்கிறதா? ஆரனின் முடிசூட்டு விழாவுக்கு வந்துவிட்டுப் படகேறிப் போனான் என்று பாட்டு சொல்கிறது. வரவே இல்லை, மலைக்காட்டுக்குள் நடந்து போய்விட்டான் என்று கோண்ட் மக்கள் சொல்கிறார்கள். இரண்டுமே அழகு. இரண்டிலும் அவன் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறான். தோற்றுப்போன உடம்போடு அவன் மறுநாள் எழுந்து என்ன செய்தான் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

'தெஹானு' அந்த மறுநாளைத்தான் எழுதுகிறது. மூன்றாவது புத்தகம் 1972, நான்காவது 1990. எழுதியவருக்கு இடையில் 18 ஆண்டுகள். கதைக்குள் இடைவெளியே கிடையாது. சொல்லப்போனால் மூன்றாவது முடிவதற்கு முன்பே நான்காவது தொடங்கிவிடுகிறது. டிராகன் மேற்கே ஆகாயத்தில் வருவதை இந்தமுறை தரையில் நின்று இரண்டாவது புத்தகத்தின் நாயகி டெனார் பார்க்கிறாள். அதன் முதுகிலிருந்து அவன் குற்றுயிராகச் சரிய, அவள் தாங்கிக்கொள்கிறாள். ஒரே நிகழ்வுதான். வானத்திலிருந்து பார்த்தால் காவியம், வாசலிலிருந்து பார்த்தால் நோயாளி ஒருவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். எனக்கு இந்தப் புத்தகம் முழுவதும் அந்த வாசலில்தான் இருக்கிறது.

டெனாரை நினைத்துப் பார். 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' படித்த நாட்களில் நாம் இருவரும் அவள் பின்னால்தானே போனோம்? பெயரைப் பறித்து, இருட்டுக்கு உணவாக நேர்ந்துவிடப்பட்ட பெண். நிலத்தடிப் பாதைகளை விரலால் தடவித் தடவி மனப்பாடம் செய்தவள். மோதிரத்தோடு வெளியே வந்து, ஹாவ்னர் நகரத்துக்கு வெற்றியோடு போய் இறங்குகிறாள். அப்புறம்? மூன்றாவது புத்தகத்தில் அவள் வருவதே இல்லை. உலகமே அழிகிற கதையில் அவளுக்கு ஒரு காட்சிகூட இல்லை. அப்போது நீதான் என்னிடம் கோபப்பட்டாய், அவள் எங்கே என்று. அந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதில் எழுதியபோது, பதில் பிடிக்கவில்லை என்கிறாய்.

பதில் கசப்பானது என்பதை மறுக்கவில்லை. கெட்டின் பழைய குரு ஓகியான் அவளுக்கு மந்திரம் கற்றுத்தரத் தொடங்கியும் அவள் பாதியில் வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறாள். ஒரு விவசாயியை மணந்து இரண்டு பிள்ளைகள் பெற்று விதவையாக நிற்கிறாள். கடலுக்குப் போன மகன் திரும்பி வந்ததும் சட்டப்படி பண்ணை அவனுடையதாகிவிடுகிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் அது பெண்கள் வேலை என்கிறான். அந்த இடத்தை என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்று ஒரு தட்டு சொல்லிவிடுகிறது.

முதல் புத்தகத்தில் ஒரு பழமொழி வரும். பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பெண்ணின் மந்திரம் தீயது என்று கோண்டில் சொல்வார்கள். 1968இல் அதை எழுதிவிட்டு ஆசிரியர் மேலே போய்விடுகிறார். மந்திரம் கற்றுத்தரும் ரோக் பள்ளியில் ஒரு பெண்கூட இல்லை, ஏன் என்று கதையில் யாரும் கேட்கவில்லை. படித்த நாமும் கேட்கவில்லை, அது அந்த உலகத்தின் வானிலை மாதிரி இருந்தது. நான்காவது கதையை முன்பே எழுதத் தொடங்கி, நகராமல் நிறுத்திவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், வீரக்கதை என்பதே ஆண்களின் இடமாக இருந்ததையும், தானும் அந்த மரபுக்குள் நின்றே முதல் மூன்றையும் எழுதியதையும் வெளிப்படையாகப் பேசினார். தன் புகழ்பெற்ற புத்தகத்தைத் தானே மறுவாசிப்பு செய்து, அதன் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர்? நாம் இத்தனை ஆண்டு செய்துவரும் வேலையை நம்மைவிடக் கடுமையாக அவர் செய்திருக்கிறார். அதனால்தான் உன் வார்த்தை எனக்கு உறைத்தது.

2001இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' தொகுப்பின் முதல் கதையில், ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னாளில்தான் கதவு அடைக்கப்பட்டது என்று வருகிறது. இது பின்னால் ஒட்டவைத்த ஒட்டு என்று கூட்டத்தில் ஒரு நண்பர் வாதாடினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுவனங்கள் தங்கள் தொடக்கத்தை மறப்பது இப்படித்தானே நடக்கிறது? முதல் புத்தகத்தில் யாருக்கும் அது தெரியாமல் இருப்பதே அந்த மறதி எவ்வளவு முழுமையானது என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

உனக்குச் சில இடங்களை விட்டுத்தருகிறேன். நான்காவது புத்தகத்தில் ஆஸ்பென் என்ற மந்திரவாதி வெறும் வெறுப்பால் செய்யப்பட்டவன். முதல் புத்தகத்தில் கெட்டோடு பகைத்த ஜாஸ்பரிடம்கூட ஒரு மனிதன் இருந்தான், இவனிடம் இல்லை. முடிவில் டிராகன் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தீர்ப்பதும் அவசரம். இருநூறு பக்கங்களுக்கு மேல் நிதானமாக நடந்த கதை கடைசியில் ஓடுகிறது. இதையெல்லாம் நீ எழுதியிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

டெனார் எடுத்து வளர்க்கும் தெரூவைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தாய், தன் வீட்டாரே தீயில் தள்ளிய குழந்தையைச் சிறுவர் கதையில் எப்படி வைக்கலாம் என்று. இது நியாயமான கேள்வி. எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் இதுதான். தங்கையின் மகள் இப்போது இந்த வரிசையைப் படிக்கிறாள், பன்னிரண்டு வயது. முதல் மூன்றையும் கொடுத்தேன், நான்காவதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிப்பேன். ஆனால் அப்படிப்பட்ட குழந்தை கதையில் இருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தகைய குழந்தைகள் இருக்கிறார்கள். சாகக் கிடக்கும் ஓகியான் அவளைப் பார்த்துவிட்டு டெனாரிடம், இவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடு, ரோக்கில் வேண்டாம் என்கிறாரே, அந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் புத்தகத்தை மன்னிக்க வேண்டியதெல்லாம் மன்னிப்பேன்.

தங்கையின் மகள் சொன்ன ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் புத்தகத்தில் கெட்டின் நண்பன் வெட்ச் கறுப்பாக இருப்பான் என்று வரும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, அப்படியானால் கெட்? என்று கேட்டாள். செம்பழுப்பு என்றேன். நல்லவர்கள் எல்லாரும் நம்மைப் போல, கொள்ளையடிக்க வருகிற கார்க் படையினர்தான் வெள்ளையா என்றாள். டெனாரும் வெள்ளைதான் என்று அவளே பிறகு கண்டுபிடித்தாள். இந்த நிறத்தை லெ குவின் வேண்டுமென்றே வைத்தார், சத்தம் போடாமல் வைத்தார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டைகளில் கெட் வெளுத்துப்போனான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவனை வெள்ளையனாக்கியது, அவர் அதை எதிர்த்துப் பகிரங்கமாகவே எழுதினார். அந்தச் சிறுமி இப்போது தன் நோட்டில் கெட்டைத் தன் நிறத்திலேயே வரைகிறாள்.

இனி கடினமான பகுதி. ஆறாவது புத்தகம், 'தி அதர் விண்ட்'.

உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய் என்று எழுதியிருந்தாய். இறந்த மனைவி சாவின் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கணவன் ஆல்டரைத் தொடும் கனவை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடமிருந்து பறிக்கும் எந்த வாதமும் எனக்கு வேண்டாம். ஆனால் நாம் எப்போதும் உள்ளதை உள்ளபடி பேசிக்கொள்பவர்கள், அதனால் சொல்கிறேன். எனக்கு இறந்தவர்கள் போகும் அந்த வறண்ட நிலம் மூன்றாவது புத்தகத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். சேர்ந்து இறந்த தாயும் குழந்தையும் அங்கே ஒருவரையொருவர் அறிவதில்லை. காதலுக்காக உயிர்விட்டவர்கள் தெருவில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்துபோகிறார்கள். ஆறாவது புத்தகம் வந்து, இது இயற்கை இல்லை, சாவுக்கு அஞ்சிய பழைய மந்திரவாதிகள் டிராகன்களின் நிலத்தைத் திருடி ஏற்படுத்தியது, சுவரை இடித்தால் இறந்தவர்கள் விடுதலையாவார்கள் என்கிறது. கண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அம்மா இறந்த ஆண்டில் எனக்குத் துணையாக இருந்தது மூன்றாவதுதான். சாவுக்கு ஆறுதலே இல்லை என்று நேராகச் சொல்லி, அதற்கு அப்புறமும் மலையேறி வெளியே வர வேண்டும் என்றது அந்தப் புத்தகம். ஆரன் கெட்டைத் தூக்கிக்கொண்டு வலியின் மலையைக் கடக்கிறானே, அதுதான் எனக்கு உதவியது.

ஆக உனக்கு ஆறாவது, எனக்கு நான்காவது. இருந்தும் ஒன்றைக் கேட்கிறேன். அந்தச் சுவரை இடித்தவர்களில் யார் முக்கியம்? ஆல்டர், பிறகு எரிந்த முகத்தோடு நின்ற தெஹானு, அதாவது அந்தத் தெரூதான். டெனார் வளர்த்த குழந்தை. அந்த வீடும் ஆடுகளும் சக்தி இழந்த மனிதனும் இல்லாமல் அவள் வளர்ந்திருக்கவே முடியாது. உனக்குப் பிடித்த புத்தகம் முழுக்க முழுக்க உனக்குப் பிடிக்காத புத்தகத்தின் மேல் நிற்கிறது, வசந்தா. அதைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொள்ள முடியாது. கடைசிப் பக்கத்தில் டெனார் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வருகிறாள், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்கிறாள், வீட்டைப் பார்த்துக்கொண்டேன் என்கிறான் கெட். அந்த வாக்கியத்தை ரோக்கின் தலைமை மந்திரவாதியால் சொல்ல முடிந்திருக்குமா?

போதும். இப்போது நலம் விசாரிப்பு. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் சொன்னான், ஆனால் அதற்குள் சின்ன எழுத்தில் இத்தனை பக்கம் எனக்கு எழுதியிருக்கிறாயே, மருத்துவர் சம்மதித்தாரா? மூட்டுவலிக்குப் புதிய மருந்து ஒத்துக்கொள்கிறதா? நான் சுகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நேரம் போகாது என்று பயமுறுத்தினார்கள், இங்கே புத்தகம் படிக்கவே நேரம் போதவில்லை. தங்கையின் உடம்பும் தேறிவருகிறது.

சார்லஸ் வெஸ் வரைந்த படங்களோடு 2018இல் வந்த மொத்தத் தொகுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. பெரிய எழுத்து இல்லை, ஆனால் தாள் நல்ல வெளிச்சத்தில் கண்ணை உறுத்தாது. கனம்தான் அதிகம், மடியில் தலையணை வைத்துப் படி. அதை உனக்கு அனுப்புகிறேன், 'தெஹானு'வை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுது, கூட்டத்தில் வாசிக்கிறேன். ஓகியானிடம் கற்பதை டெனார் ஏன் பாதியில் விட்டாள் என்பதற்கு மட்டும் கட்டாயம் உன் பதில் வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னோம், ஒன்றும் எனக்குத் திருப்தியாக இல்லை.

என்றும் உன்,
மங்கை