பழைய ஏர் ரைஃபிளில் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சிலிண்டர் தேதியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை சென்றதையும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதையும் சொல்லிச் சொல்லிப் பயிற்சியாளர்களாகிய நாங்கள் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்து வருகிறோம். ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் பழகியதும், "சொந்தமாக ஒன்று வேண்டும்" என்கிறது பிள்ளை. வெளிநாட்டுத் தயாரிப்பில் போட்டித் தரமான புது ஏர் ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. நடுத்தரக் குடும்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. அல்லது கடன் வாங்குகிறது. இரண்டும் தேவையில்லை. ஆக்‌ஷன் (சுடும் இயக்கம் நடக்கும் நடுப்பாகம்) ஓரிடம், டயாப்டர் (குறிபார்க்கும் பின் சைட்) ஓரிடம், பட் பிளேட் (தோளில் பதியும் தட்டு) ஓரிடம் என்று பழைய பாகங்களைச் சேர்த்தே மாநிலப் போட்டிக்கு ஈடுகொடுக்கும் ரைஃபிளைத் தயார் செய்ய முடியும். எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் சட்டம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள் சுமார் அரை கிராம் ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டை, நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 7 அல்லது 8 ஜூல்தான். வரம்புக்கு வெகு கீழே. ஆகவே "பவரைக் கூட்டித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். 10 மீட்டர் தூரக் குறியில் கூடுதல் வேகத்தால் ஒரு புள்ளிகூட ஏறாது. காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் வால்வும்தான் கெடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? கையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு ஆக்‌ஷனுக்கும் பேரலுக்கும் சிலிண்டருக்கும். ஒரு பங்கு டயாப்டருக்கும் முன் சைட்டுக்கும். மீதி ஒரு பங்கில் ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுவது, பெல்லட் சோதனை, பட் பிளேட் எல்லாம் அடங்கிவிடும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கலர் அலுமினிய ஸ்டாக்கை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் உடற்கட்டையைப் பார்த்து மயங்கி அதில் பாதிப் பணத்தைப் போட்டுவிட்டு, காலாவதியான சிலிண்டரோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

சிலிண்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்றம் நடப்பதே அங்கேதான். 200 பார் அழுத்தக் காற்றைத் தாங்கும் சிலிண்டரின் உடம்பில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். சர்வதேசப் போட்டி விதிப்படி அதன் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. தேதிக்குள் வைத்திருப்பது சுடுபவரின் பொறுப்பு. தேதி முடிந்த சிலிண்டரோடு போனால் உபகரணச் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். விற்பவர் "நன்றாகத்தான் ஏறுகிறது, லீக்கே இல்லை" என்பார். உண்மையாகவே லீக் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உலோகம் சோர்வதை லீக் காட்டாது. முகத்துக்கு அருகே பிள்ளை வைத்துக்கொள்ளும் பொருள் அது. தேதியில்லாத சிலிண்டர், தேதி சுரண்டப்பட்ட சிலிண்டர், மேல் பூச்சு புதிதாக அடிக்கப்பட்ட சிலிண்டர் மூன்றையும் ஒதுக்குங்கள். இன்னொன்று: ஒரு கம்பெனியின் சிலிண்டர் இன்னொரு கம்பெனி ஆக்‌ஷனில் பெரும்பாலும் பொருந்தாது, மரை வேறு. ஒரே கம்பெனியிலேயே பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே மலிவாக ஓர் ஆக்‌ஷன் கிடைத்தால், அதற்குப் புது சிலிண்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். சிலிண்டர் கிடைக்காத ஆக்‌ஷனால் பயனில்லை.

லீக் பார்க்கும் முறை எளிது. நிரப்பியதும் சிலிண்டர் சூடாக இருக்கும். ஆற ஆற முள் தானாக இறங்கும். அதை லீக் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளவைக் குறித்துக்கொண்டு, ரைஃபிளில் மாட்டி 24 மணி நேரம் கழித்து அதே வேளையில் மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் சிலிண்டரைக் கழற்றித் தனியாக ஒரு நாள் வையுங்கள். தனியாக இருக்கும்போது இறங்கவில்லை என்றால் கோளாறு ஆக்‌ஷன் பக்கம். பெரும்பாலும் ஓ-ரிங் மாற்றினால் தீரும், நூறு இருநூறு ரூபாய்க் காரியம். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் தொட்டுத் தடவும் அளவுக்கு. தையல் மெஷின் ஆயிலோ என்ஜின் ஆயிலோ உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் உள்ளே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அழுத்தம் இருக்கும்போது எந்தத் திருகையும் தொடக் கூடாது. சிலிண்டர் வால்வையும் ரெகுலேட்டரையும் வீட்டில் பிரிக்கவே கூடாது, அது சர்வீஸ் தெரிந்தவர் வேலை.

அடுத்தது ரெகுலேட்டர். 200 பாரை ஒரே சீரான வேலை அழுத்தமாகக் குறைத்து ஒவ்வொரு சூட்டுக்கும் கொடுப்பது அதுதான். நம் கடற்கரை ஊர்களில் கைப் பம்பால் நிரப்பிய துப்பாக்கிகளில் முதலில் கெடுவதும் இதுவே. பம்பு வழியாக ஈரம் உள்ளே போய்த் துருவும் களிம்புமாகப் படிகிறது. உலர்காற்று நிரப்பிய ஸ்கூபா டேங்கிலிருந்து மெதுவாக ஏற்றிய ரைஃபிள் என்றால் இந்தக் கவலை குறைவு. சோதிக்க குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேண்டும், சில ரேஞ்சுகளில் இருக்கும். தொடர்ந்து 10 சூடு சுட்டு வேகங்களை எழுதுங்கள். பிறகு ரைஃபிளைப் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு ஒரு சூடு. அந்த ஒரு சூடு மட்டும் மற்றவற்றைவிட 8, 10 மீட்டர் கூடுதல் வேகத்தில் போனால் ரெகுலேட்டரின் உள்ளே காற்றை அடைக்கும் பகுதி தேய்ந்து, அழுத்தம் கசிந்து ஏறுகிறது என்று பொருள். இதனால் என்ன ஆகும்? 170 மீட்டர் வேகத்தில் பெல்லட் 10 மீட்டருக்குள் ஏறத்தாழ 17 மி.மீ. இறங்குகிறது, 180 மீட்டரில் 15 மி.மீ. சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே 2 மி.மீ. மேலே போய்விடும். தசமப் புள்ளியில் 0.1 என்பது 0.25 மி.மீ. விலகல். ஆகவே 10.6 விழ வேண்டியது 9.8 ஆகலாம். போட்டியில் யோசித்து நிதானித்துச் சுடும் சூடுகள்தான் இப்படிக் கெடும். பயிற்சியாளரும் அதைப் பிள்ளையின் பதற்றம் என்று எடுத்துக்கொள்வார்.

பேரலை விளக்கொளியில் பார்த்து "பளிச்" என்று இருந்தால் போதும் என்பது தவறு. குழல் வாயின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெல்லச் சுற்றி இழுத்தால், அடிபட்ட இடம் இருந்தால் அங்கே பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளும். அது நல்ல அறிகுறி அல்ல. பல நேரம் குழல் கெடாமல், ஈயம் படிந்தே குறி சிதறும். பெல்லட் ஏறும் பக்கத்திலிருந்து ஃபெல்ட் துண்டுகளை இழுத்துச் சுத்தம் செய்தபின் சோதியுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்.

பிறகு ரைஃபிளை அசையாதபடி கவ்வியில் பொருத்திப் பெல்லட் சோதனை. 4.48 முதல் 4.52 மி.மீ. வரை தலை அளவுள்ள தட்டைத் தலைப் பெல்லட்டில், அளவுக்கு 10 வீதம் சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து பாருங்கள். 7 மி.மீ.க்குள் வந்தால் அந்தப் பெல்லட்டையே, அதே பேட்ச் எண்ணில், சீசனுக்குத் தேவையான டப்பாக்கள் மொத்தமாக வாங்கிவிடுங்கள். பெல்லட் மையம் குறி மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால்தான் 10.0. கவ்வியிலேயே 9 மி.மீ. சிதறும் துப்பாக்கியில், கை நடுக்கத்துக்கு மிச்சமாக ஒன்றும் இருக்காது. எந்தப் பெல்லட்டிலும் 9க்குக் கீழே வரவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

டயாப்டர் தாராளமாகப் பழையது வாங்கலாம். 11 மி.மீ. தண்டவாளத்தில் எந்த கம்பெனி டயாப்டரும் உட்காரும். தேய்மானம் பார்க்க ஒரு வழி: கவ்வியில் இருக்கும்போதே ஒரு சூடு சுட்டு, டயாப்டர் வழியாகக் குறி எங்கே தெரிகிறது என்று பாருங்கள். 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது திருப்பிய பின் மறுபடி பாருங்கள். காட்சி தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் மரையில் ஆட்டம் இருக்கிறது. முன் சைட்டும் பின் சைட்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் உயரம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது டயாப்டரை அடிவரை இறக்கியும் சூடு மேலேயே விழும். இதற்கு முன் சைட்டை உயர்த்தும் கட்டை வாங்க வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

ஸ்டாக்கில் அழகு முக்கியமில்லை; சரிசெய்ய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே முக்கியம். பிள்ளை வளரும். பட் பிளேட்டும் கன்னப் பட்டையும் இரண்டு மூன்று வருடத்துக்கு நீளவும் உயரவும் வேண்டும். வாங்குவதற்கு முன் பிள்ளையின் ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள்: இரண்டு கண்ணும் திறந்திருக்க, தொலைவிலுள்ள ஒரு பொருளை விரலால் சுட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள்; எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் அந்தப் பொருளை விட்டு விலகவில்லையோ அதுதான் ஆதிக்கக் கண். இடக் கைப் பிள்ளைக்கு வலக் கை ஸ்டாக் வாங்கிக் கொடுத்துவிட்டு முதுகு வலி என்று வைத்தியரிடம் போகும் பெற்றோர் உண்டு. போட்டியில் எடை வரம்பு 5.5 கிலோ, ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு 4 கிலோ அளவில் தொடங்கி, முன் எடைகளைப் பிறகு சேர்ப்பதே நல்லது. 50 மீட்டர் ரைஃபிளிலிருந்து கழற்றிய உள்ளங்கைத் தாங்கியை மாட்டித் தருகிறேன் என்பார்கள். ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு அனுமதியில்லை.

சிலிண்டர் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை போன்ற, பக்க நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்தும் பழைய ரைஃபிள்கள் உண்டு. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. சீல் மாற்றினால் பல வருடம் உழைக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோல் இழுக்க நிலையைக் கலைக்க வேண்டும், 75 நிமிடத்தில் 60 சூடு என்னும்போது சிறு பிள்ளைகள் களைத்துப்போவார்கள். முதல் இரண்டு வருடப் பயிற்சிக்கு இது போதும் என்பதே எங்கள் கருத்து. மடக்கு பேரல் ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கி அதில் டயாப்டர் மாட்டுவது மட்டும் வீண். அதிர்வும் கீல் ஆட்டமும் டயாப்டரையே கெடுத்துவிடும்.

டிரிகரைக் கடைசியில் பாருங்கள். பெல்லட் இல்லாமல், குழலை மணல் மூட்டைப் பக்கம் வைத்து, ஏற்றிய நிலையில் பட் பிளேட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். டிரிகர் தானாக விடுபட்டால் யாரோ அதன் பிடிப்பைத் தேய்த்துவிட்டார்கள். ஏர் ரைஃபிளில் டிரிகர் எடைக்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லாததால் இந்த வேலை நிறைய நடக்கிறது. அப்படிப்பட்டதைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

மாவட்ட ரைஃபிள் கிளப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கவ்வி, ஒரு குரோனோகிராஃப், விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், விற்பவரும் வாங்குபவரும் அங்கேயே வைத்துச் சோதித்துக் கைமாற்றிக்கொள்ளலாம். சோதனை முடிவையும் வரிசை எண்ணையும் சிலிண்டர் தேதியையும் ஒரே தாளில் எழுதி, அடையாள அட்டை நகலோடு இருவரும் கையெழுத்திட்டால் பின்னால் வழக்கு வம்பு இருக்காது. காலாவதியான சிலிண்டர்களைக் கிளப்பே வாங்கி, காற்றை முழுவதும் வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உடம்பை இரண்டாக அறுத்தபின் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டும். முழுசாகப் போனால் அதே சிலிண்டர் புதுப் பூச்சோடு இன்னொரு பெற்றோரிடம் வந்து சேரும்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.