விஸ்மா புத்ராவுக்கு (மலேசிய வெளியுறவு அமைச்சு) ஒரு திறந்த மடல்: அமைதி மண்டலத்தை வானத்துக்கும் நீட்டுங்க

மதிப்புக்குரிய விஸ்மா புத்ரா அதிகாரிகளுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்துலேர்ந்து எழுதுறேன். விண்வெளி ஆயுதப் போட்டியைப் பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்ல, ஃபைலெல்லாம் உங்க மேசையிலதான் இருக்கும். கேக்கறது ஒன்னே ஒன்னு. 1971 நவம்பர்ல இதே கோலாலம்பூர்ல உக்காந்துதானே தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலம்னு நம்ம வட்டார நாடுகளோட கூட்டமைப்பான ஆசியான் அறிவிச்சுது, அந்த மண்டலத்தைத் தலைக்கு மேலயும் நீட்டுங்க. செயற்கைக்கோளை உடைக்கக் கூடாது, கப்பலும் விமானமும் நம்பியிருக்கிற சிக்னலைக் கெடுக்கக் கூடாதுன்னு எழுத்துல கேளுங்க.

2025 ஜூன்ல இஸ்ரேலும் ஈரானும் அடிச்சிக்கிட்டப்ப என் தம்பி டேங்கர் கப்பல்ல வளைகுடாவுல இருந்தான். அவன் கப்பல் எங்க போகுதுன்னு அம்மா எந்நேரமும் கைப்பேசி ஆப்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த வாரம் பாத்தா கப்பலோட புள்ளி கடல்லயே இல்ல, தரை மேல நிக்குது, அப்புறம் வட்டம் வட்டமா சுத்துது. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டு "ஏம்மா, கப்பலு கரையில ஏறிடுச்சா"ன்னு என்னைக் கேக்கறாங்க, அவனுக்கு போன் போட்டா போகல, நான் என்னத்தச் சொல்ல? பிறகு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஜிபிஎஸ் தப்பா காட்டுது, ராடாரையும் தூரத்துல தெரியற மலையையும் வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம், யாரும் சரியா தூங்கலக்கான்னான். குரலே கம்மிப் போயிருந்துச்சு. ஜூன் 17ல எமிரேட்ஸ் கரையோரம் ரெண்டு டேங்கர் மோதித் தீப்பிடிச்சது. தப்புக் கணிப்புன்னு எமிரேட்ஸ் அரசு சொல்லிடுச்சு, நான் மறுக்கல. ஆனா பல நூறு கப்பலோட இடம் தப்பாத் தெரிஞ்சிக்கிட்டிருந்த கடலு அது, அதையும் யோசிங்க.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, அங்கேர்ந்து வர்ற சிக்னல் ரொம்ப பலவீனம், அதனால அதை அமுக்க ராக்கெட் வேணாம், தரையில ஒரு ஜாமர், அதாவது சிக்னலைக் கெடுக்கிற கருவி, போதும். நாளைக்கு இதே கூத்து மலாக்கா நீரிணையில நடந்தா? சிங்கப்பூர் பக்கம் பிலிப் கால்வாய்ல வழி 3 கிலோமீட்டர்கூட இல்ல. இந்தப் பக்கம் அந்தமான் நிக்கோபார்ல இந்தியப் படை, நடுவுல சீனாவுக்குப் போற எண்ணெய்க் கப்பலுங்க. அவங்க ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டா நடுவுல மாட்டறது நாமதான்.

2007ல சீனா தன்னோட பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால உடைச்சுது, கண்காணிக்கிற அளவுக்குப் பெரிய துண்டே 3,000க்கு மேல, அதுல நிறைய இன்னும் மேலயே சுத்துது. 2019 மார்ச் 27ல இந்தியா தன் கோள் ஒன்னைச் சுட்டப்ப இங்க நம்ம ஆளுங்களே கைதட்டினாங்க. எனக்கும் அந்த மண்ணு மேல பாசம் உண்டுங்க, ஆனா சீனா செஞ்சா அநியாயம், இந்தியா செஞ்சா பெருமைன்னு எப்படிச் சொல்றது? சீனாவைப் பாத்து இந்தியா, இந்தியாவைப் பாத்து பாகிஸ்தான்னு இது எங்க போய் முடியும்? 2021 நவம்பர்ல ரஷ்யா தன் கோளைச் சுட்டப்ப, துண்டுங்க வந்து மோதிடுமோன்னு விண்வெளி நிலையத்துல இருந்தவங்க எல்லாரும் உயிருக்குப் பயந்து அவங்கவங்க கலத்துக்குள்ள ஒதுங்கினாங்க, அதுல ரஷ்யாக்காரங்களும் இருந்தாங்க!

1967 விண்வெளி ஒப்பந்தத்துல நாமளும் கையெழுத்துப் போட்டோம், ஆனா அது தடுக்கிறது சுற்றுப்பாதையில அணுகுண்டு மாதிரி பேரழிவு ஆயுதத்தை மட்டும்தான், தரையிலேர்ந்து ஏவுகணை விட்டு கோளை உடைக்கறதுக்கு அதுல தடையே இல்ல. 2022 டிசம்பர்ல இந்த மாதிரி சோதனை வேணாம்னு ஐநா பொதுச்சபையில 155 நாடு ஓட்டுப் போட்டுச்சு. சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்துப் போட்டாங்க, இந்தியா ஒதுங்கிடுச்சு. அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, அதான் பிரச்சன. ஒவ்வொரு தடவையும் "கவலை தெரிவிக்கிறோம்"னு அறிக்கை வருது. கவலைப்பட எங்க வீட்டுல அம்மா இருக்காங்க, அரசாங்கம் அதுக்கு மேல ஏதாவது செய்யணும். கடல்ல சம்பாதிக்கப் போற பிள்ளைங்க எத்தனை வீட்டுல இருக்காங்கன்னு பினாங்குல வந்து கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் கோவமா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. தயவு செஞ்சு அடுத்த ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துல இதை நிகழ்ச்சி நிரல்ல ஏத்துங்க. அமைதி மண்டலம் வானத்துக்கும் சேத்துதான்னு ஆசியான் பேர்ல ஒரு பிரகடனம் வரட்டும், டில்லிக்கும் பெய்ஜிங்குக்கும் இஸ்லாமாபாத்துக்கும் அதே வாசகத்தோட கடிதம் போகட்டும். யார் என்ன பதில் சொன்னாங்கன்னு எங்களுக்கும் தெரியப்படுத்துங்க.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு மாலுமியோட அக்கா
பட்டர்வொர்த், பினாங்கு