மூன்று புளியமரங்களுக்கு நடுவே ஒரு வகுப்பறை: ஊர் உறவுகளுக்கு வேண்டுகோள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்வரும் அக்கா தங்கைகள், சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்ட அண்ணன் தம்பிகள், கடல் கடந்து இருப்பவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறோம். அமிர்தி சாலையிலிருந்து நம் ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதை முடிந்து, ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்கும் அந்த மூன்று புளியமரங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செங்காய்க்காகக் கல்லெறிந்து வசவு வாங்காதவர் நம்மில் யார்? அந்த மரங்களுக்கு நடுவே நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிய ஒரு மர வகுப்பறை அமைக்கப்போகிறோம்.

மரங்கள் நிற்கும் 20 சென்ட் பட்டா நிலத்தை நம் ஊர்ப் பெரியம்மா ஒருவர் பள்ளிக்கென்றே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: மரத்துக்குக் கேடு வரக் கூடாது. காப்புக்காட்டின் எல்லை இந்த நிலத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தப் போவதில்லை.

பெரியம்மா கேட்டதன் கனம் நமக்குத் தெரியும். கோயில் முன்னால் நின்ற வேப்பமரத்தை நினைத்துப் பாருங்கள். சேறாகிறதென்று அடிமரத்தை ஒட்டிச் சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டோம். நல்லெண்ணத்தோடு ஊர் கூடிச் செய்த வேலை அது. மூன்றாம் வருடம் நுனிக்கிளைகள் காய்ந்தன. ஐந்தாம் வருடம் நாமே ஆள் வைத்து அறுத்தோம். வேரும் மூச்சு விடும், மழைத்தண்ணீர் அடிமண்ணில் இறங்கினால்தான் அது பிழைக்கும் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை. இந்த வகுப்பறையைத் தரையோடு கட்டாமல் தூக்கிக் கட்டுவதற்கு முதல் காரணம் அந்த வேப்பமரம்.

கிளையிலேயே தொங்கவிட்டால் செலவு குறையுமே என்று பலர் கேட்டார்கள். புளியங்கொம்பு உறுதிதான். ஆனால் 20 அடிக்கு 16 அடி வகுப்பறை என்றால் ஏறக்குறைய 30 சதுர மீட்டர். வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ பாரம் தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. கணக்குப் போட்டால் 9 டன். இத்தனை பாரத்தை மரத்தின் தலையில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. கயிறோ கம்பியோ கட்டி இறுக்கினாலும் ஆபத்து. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. அதை நெரித்தால் மரம் மெல்ல மெல்லச் சாகும்.

அதனால் பாரம் முழுவதையும் 20 கல்லுக்கால்கள் தாங்கும். மாட்டுக்கொட்டகைக்கும் வேலிக்கும் நம் பக்கத்தில் நடும் அதே கருங்கல் கால்தான், கொஞ்சம் பருமனாக. குழிகளைக் கடப்பாரையால்தான் தோண்டுவோம், பொக்லைன் உள்ளே வராது. பருத்த வேர் தென்பட்டால் குழியை ஒரு முழம் தள்ளிக்கொள்வோம். நடு மரம் தளத்தையும் கூரையையும் ஊடுருவி மேலே போகும். மரம் பருக்கவும் அசையவும் அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி உண்டு. பிள்ளைகளின் கால் சிக்காமலிருக்க அதைத் தேங்காய்நார்க் கயிற்றுப் பின்னலால் மூடுவோம்.

கூரைக்குத் தகரம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் தகரத்தின் கீழே டீச்சரின் குரலும் கேட்காது. பனை வாரையும் நாட்டு ஓடும் போடப்போகிறோம். இதற்காக ஒரு பனையைக்கூட வெட்டக் கூடாது. இடித்த வீடுகளில் கழித்துப்போட்ட பழைய வாரைகளே இன்னொரு தலைமுறைக்கு வரும். உங்கள் பழைய வீட்டை இடிக்கப்போகிறீர்களா? வாரை, ஓடு, வேங்கை, வேம்புப் பலகை எதுவானாலும் விற்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நிலம் சரிவானது. கீழ்ப்பக்கம் தளம் ஆறடி உயரத்தில் இருக்கும், மேல்பக்கம் இரண்டரை அடியில். அந்த மேல்பக்கத்திலிருந்து 30 அடி நீளத்துக்குச் சாய்தளம் அமைக்கிறோம். ஓரடி ஏற 12 அடி ஓட்டம் என்பது கணக்கு. ஐந்தாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண்பிள்ளை யாரும் தூக்காமல் தானே உள்ளே வர வேண்டும். இந்தச் சாய்தளத்துக்கு மட்டும் 60,000 ரூபாய் ஆகும். இதைக் குறைக்கலாம் என்று குழுவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இடி மின்னல் வேளையில் வகுப்பு அங்கே நடக்காது. பிள்ளைகள் பழைய கட்டடத்துக்கு வந்துவிடுவார்கள். இடிதாங்கியும் வைக்கிறோம்.

மற்ற நாளெல்லாம் அவர்களுக்குக் கிளையின் உயரத்தில் பாடம். அந்தியில் புளிய இலைகள் மடங்குவதையும், சிவப்புக் கோடு ஓடிய மஞ்சள் பூவையும் ஜன்னலில் கை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளுக்கு மரமும் பறவையும் நம்மைவிட நன்றாகத் தெரியும். கரும்பலகை முன்னால் வாய் திறக்காத அந்தப் பிள்ளைகள் அங்கே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பெரிதும் நம்புகிறோம்.

மொத்தச் செலவு 7,80,000 ரூபாய். கையில் இருப்பது 2,15,000. இன்னும் வேண்டியது 5,65,000. தளத்துக்கான இரும்புச் சேனலும் பலகையும்தான் பெரிய செலவு. ஒரு கல்லுக்கால் வாங்கி, ஏற்றி வந்து, நட்டு முடிக்க 3,500 ரூபாய். ஒரு குடும்பமோ, பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்த கூட்டாளிகளோ சேர்ந்து ஒரு காலை ஏற்றுக்கொள்ளலாம். ஒருநாள் கூலி கொடுத்தாலும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்வோம். பணம் முடியாதவர்கள் குழி தோண்ட வாருங்கள். நாகநதிப் பக்கம் நூறு நாள் வேலைப் பெண்கள் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகளை அமைத்து நிலத்தடி நீரை மீட்டதைப் பார்த்தவர்கள் நாம். கை கூடினால் என்ன நடக்கும் என்பது நமக்குப் புதிதல்ல.

குழுத் தலைவர், பொருளாளர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மூவரின் கையெழுத்தும் இருந்தால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, வருமான வரி விலக்குச் சான்று மட்டும் எங்களால் தர இயலாது. வரவு செலவு மே 1 கிராம சபையில் வாசிக்கப்படும். கொடுத்தவர்கள் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், மரத்தில் பலகை எதுவும் அடிக்க மாட்டோம். பின்னாளில் ஓடு மாற்றவும் பலகைக்கு எண்ணெய் பூசவும் அந்த மூன்று மரத்துப் புளி விற்ற பணமே போகும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் கால் நடுகிறோம். மாசியில் புளி உலுக்கி முடிந்த பிறகு ஓடு வேய்வோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் அங்கே உட்கார வேண்டும். ஞாயிறுதோறும் காலை 7 முதல் 10 வரை குழுவினர் மரத்தடியில் இருப்போம். குழி வரும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறோம். பணம் கொடுக்கும் முன் ஒருமுறை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மர வகுப்பறைக் கட்டடக் குழுவினர்